காட்டிக் கொடுத்தவன் வேஷம்

தம்பி, சூலூர் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. காதுல அந்த ஒயரை மாட்டறதுக்கு முன்னாலயே சொல்லி வெச்சர்றேன். கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதுங்க, போர்டு படிப்பேன். ஆனா இன்னிக்கு இது மூணாவது தடவை. காத்தால காந்திபுரத்துல ஏறுனேன். சூலூர் வந்துச்சு, கொளத்தைப் பார்த்தேன், எறங்கல. பல்லடம் போயிட்டேன். அங்கிருந்து திரும்பி வந்தேன், மறுக்காச் சூலூர் வந்துச்சு, அதே கொளம். அப்பவும் எறங்கல. சிங்காநல்லூர் வரைக்கும் வந்து ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு இப்ப மறுபடியும் ஏறியிருக்கறேன். அந்தக் கண்டக்டர் என்னைய ஒரு மாதிரிப் பார்க்கறாரு பாருங்க. காத்தாலயும் அவரு வண்டிதான்.

நாலு மணிக்குப் படத்திறப்பு. ஆறுக்குட்டின்னு, என்ற கூட்டாளி. போய்ப் பதினாறு நாளாச்சு. கட்சிக்காரன், கருமாதி கிருமாதி ஒண்ணும் வேண்டாம், படத்தைத் தொறந்து நாலு பேரு பேசுனாப் போதும்னு சொல்லிப்போட்டுப் போயிட்டான். அதுல கடைசியா நான் பேசோணும்னு அவன் சம்சாரம் மயிலாத்தா சொல்லீருச்சு. பேசறதுன்னா பேச்சு இல்லீங்க. நடிக்கோணும். எழுவத்தி ரெண்டு வயசுல, மாலை போட்ட படத்து முன்னால நின்னு நடிக்கோணும். சிரிக்கறீங்க பாருங்க. எனக்கும் மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு.

என்ற பேரு நஞ்சப்பன். ஆனா ஒண்டிப்புதூர்ல போயி நஞ்சப்பன் வூடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. சிப்போ வூடுன்னு கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து வாசல்ல உட்டுருவாங்க. முப்பத்தொம்பது வருசமா நான் சிப்போ. ரேசன் கடையில சிப்போ, சலூன்ல சிப்போ. என்ற புள்ள கல்யாணத்துக்கு அக்கம்பக்கத்துல இருந்து ஒரு பேனர் வெச்சாங்க, 'சிப்போ இல்லத் திருமண விழா, வருக வருக'ன்னு. சம்பந்தியம்மா அதைப் பார்த்துப்போட்டு, நீங்க வேதக்காரங்களா, சர்ச்சுக்குப் போறவங்களான்னு என்ற சம்சாரத்தைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டுருச்சு. அதுகூடப் பரவால்லீங்க. சிப்போன்னா யாருன்னு நெனைக்கறீங்க? காட்டிக் குடுத்தவன். ஒரு நாடகத்துல நான் போட்ட வேஷம். ஒரு நாள், ரெண்டு மணி நேரம் நடிச்சேன். வில்லன் வேஷம் கட்டறவங்களை எல்லாம் ஊருல இப்பிடியா நடத்தறாங்க? நடிப்பு வேற, ஆளு வேறன்னு இந்தச் சனங்களுக்கு ஏன் தெரிய மாட்டேங்குதுன்னு கேக்கறேன். நீங்க படிச்ச புள்ளையாட்ட இருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க.

எண்பத்தஞ்சாம் வருசம். நாங்க அல்லாரும் ஒரே மில்லு. மில்லுப் பேரு எதுக்கு, இப்ப அங்க அபார்ட்மெண்ட் நிக்குது. ஆறுக்குட்டி ஸ்பின்னிங், நானும் ஸ்பின்னிங். அவன் லைப்ரரிக்குப் போறவன். அந்த வருசம் தென்னாப்பிரிக்காவுல கறுப்பு ஆளுகளை வெள்ளைக்காரன் படுத்தற பாட்டைப் படிச்சுப்போட்டு வந்து, மே தினத்துக்கு இதைத்தான் நாடகமாப் போடறோம்னுட்டான். எங்களுக்கு அந்த ஊரு எந்தத் தெசையில இருக்குதுன்னே தெரியாது. சங்கத்து ஆபீசுல எல்லாத்தையும் உக்கார வெச்சுச் சொன்னான். கறுப்பு ஆளு அவன் சொந்த ஊருல ரோட்டுல நடக்கறதுக்கே பாஸ் வெச்சிருக்கோணும், இல்லீன்னாப் புடிச்சு உள்ள போட்டுருவாங்கன்னான். பொன்னான்னு ஒருத்தன், எங்க செட்டுலயே வெகுளி. அவன் எந்திரிச்சு, "ஏப்பா ஆறுக்குட்டி, கேட்டுல அவிய சோத்துப் போசியவும் தொறந்து பார்ப்பாங்களா?"ன்னு கேட்டான். "பார்ப்பாங்க"ன்னான் ஆறுக்குட்டி. "அப்பறமென்ன, நம்ம கதைதான், போடு"ன்னுட்டான் பொன்னான். அப்பிடித்தானுங்க முடிவாச்சு.

வேஷத்துக்கு ஆளெடுக்கறது பெரிய கூத்தாப் போச்சு. கறுப்பு ஆளுக்குப் பஞ்சமே இல்ல. மேக்கப் போட வந்தவரு எங்களை வரிசையா நிக்க வெச்சுப் பார்த்துப்போட்டு, டப்பாவைத் தொறக்காமயே மூடிட்டாரு. வெள்ளைக்கார அதிகாரிக்குத்தான் ஆளே கெடைக்கல. மில்லு பூராத் தேடியும் வெள்ளையா இருந்தது புளோ ரூம் கோவாலு ஒருத்தன்தான். அதுவும் என்னன்னா, பஞ்சைப் பிரிச்சுப் போடற எடம் அது, தலையில இருந்து கால் வரைக்கும் பஞ்சு ஒட்டிக்கும். குளிச்சா அவனும் நம்ம ஆளுதான். அதனால நாடகத்தன்னிக்கு நீ குளிக்காம அப்பிடியே வந்து சேருன்னு சொல்லீட்டோம். வந்தான். மொதல் சீன்ல நெசமாவே தொரையாட்ட இருந்தான். போகப் போக வேர்த்துருச்சு. எங்களை அடிக்க அடிக்கப் பஞ்சு உதுந்து, மூணாவது சீன்ல அவனும் எங்களாட்டவே ஆயிட்டான். முன்னால உக்காந்திருந்த பொம்பளைங்க, யாரு யாரை அடிக்கறாங்கன்னு தெரியாம முழிச்சாங்க.

கதை என்னன்னா, தாபோன்னு ஒரு தலைவன். சொரங்கத்துல வேலை செய்யற ஆளுகளைச் சேர்த்துக்கிட்டுப் பாஸ் பொஸ்தகத்தை எல்லாம் போட்டுக் கொளுத்தறான். போலீசு தேடுது. ஒளிஞ்சுக்கறான். ஒளிஞ்ச எடம் அவன் கூட்டாளி சிப்போவுக்கு மட்டுந்தான் தெரியும். சிப்போ போயிச் சொல்லிப்போடறான். தாபோ செயில்ல செத்துப் போறான். கடைசி சீன்ல பொணத்து முன்னால ஊரே நிக்குது, சிப்போ வந்து அழுது, ஒத்துக்கறான். அதுதான் நாடகம்.

தாபோ வேஷம் எனக்குத்தான் வரோணும். நான் பெருமைக்குச் சொல்லலீங்க. ஆறுக்குட்டியைப் பார்த்திருக்கோணும் நீங்க, நெஞ்செலும்பை எண்ணிப்போடலாம். நான் அப்பத் தலையைத் தூக்கிச் சீவிக்கிட்டு, டெர்லின் சட்டையில நின்னேன்னா மில்லு லைன் வூடே திரும்பிப் பார்க்கும். தாபோ வசனம் பூரா, அவன் எழுத எழுத எனக்கு மனப்பாடம். அவன்கிட்டக் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுங்களா? "நஞ்சப்பா, உனக்கு அழுவாச்சி நல்லா வருது, நிமிந்து நிக்கத்தான் வரல. நீ சிப்போ பண்ணு"ன்னான். எல்லாருக்கும் முன்னால சொன்னான். பொன்னான் கெக்கெக்கேன்னு சிரிச்சான். நாடகத்துல மட்டுமில்லீங்க, அப்ப வேலைநிறுத்தத்துக்குக் கமிட்டி ஒண்ணு சேர்த்துக்கிட்டு இருந்தாங்க, பதிலி ஆளுகளை நிரந்தரம் பண்ணோணும்னு. மே ரெண்டாந்தேதி காத்தால மொத ஷிப்ட்டுல மெசினை நிறுத்தறதா ஏற்பாடு. பதினாலு பேரு கமிட்டி. அதுலயும் என்ற பேரு இல்ல. பொன்னான் பேரு இருக்குது, என்ற பேரு இல்ல. அதுக்காக நான் ஒண்ணும் கோவப்படலீங்க. சும்மா, நடந்ததைச் சொல்றேன்.

நோட்டு ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல நாடகம் மட்டும். இன்னொண்ணுல நாடகத்தையும் எழுதி, கடைசிப் பக்கத்துல அந்தப் பதினாலு பேரையும் கையெழுத்தோட எழுதியிருந்தான் ஆறுக்குட்டி. நாடக நோட்டை எவன் கடைசி வரைக்கும் படிக்கப் போறான்னு அவனுக்கு ஒரு எண்ணம். ரெண்டும் என்ற வூட்டுலதான் இருந்துச்சு. ஏன்னா வாச்மேன் மத்தவங்க வூட்டையெல்லாம் நோட்டம் பார்ப்பான், என்ற வூட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். நஞ்சப்பன் ஒண்ணும் பண்ண மாட்டான்னு மேனேஜ்மெண்டுக்கே அத்தனை நம்பிக்கை.

மில்லு கேண்டீன் ஹால்ல நாடகம் போடோணும்னா லேபர் ஆபீசர் நோட்டைப் படிச்சுக் கையெழுத்துப் போடோணும். அதைக் கொண்டுபோய்க் குடுக்கற வேலை எனக்கு. ஆபீஸ் ரூமுக்குப் போற மாதிரிச் சட்டை என்கிட்டத்தான் இருந்துச்சு. போனேன். அங்க ஃபேனு சுத்துதுங்க. உக்காருன்னாரு. பதினோரு வருசத்துல அந்த ரூமுல என்னைய உக்காரச் சொன்னது அன்னிக்குத்தான். காப்பி வந்துச்சு. "நீதான் ஹீரோவா?"ன்னு கேட்டாரு. நல்ல மனுசன். நோட்டை வாங்கி வெச்சுக்கிட்டாரு. நான் வந்துட்டேன். அதுல ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சுங்க. நோட்டு மாறிப் போச்சு. பேரு இருக்கற நோட்டைக் குடுத்துட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி பிரவுன் அட்டை போட்டிருந்துச்சு, அவசரத்துல யாருக்கும் மாறத்தானே செய்யும். ரேசன் கார்டுக்குப் பதிலாக் கரண்டு கார்டை எடுத்துட்டுப் போறதில்லீங்களா, அது மாதிரி.

ராமநாதபுரம்... இல்லீங்க, அது அந்தப் பக்கம். இது ஒண்டிப்புதூர். இன்னும் நேரமிருக்குது.

நாடகம் எப்பிடி நடந்துச்சுன்னு கேளுங்க. மே தினம், பொழுதோட ஆறு மணி. கேண்டீன் ஹால் கொள்ளாத கூட்டம். அஞ்சு மணி வாக்குல பியூன் வந்து, படிச்சாச்சுன்னு நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனான். வாங்குனது ஆறுக்குட்டி. லேபர் ஆபீசரு பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில சின்னதாக் கையெழுத்துப் போடற ஆளு, ஒரு பக்கம் உடமாட்டாரு. ஆறுக்குட்டி நின்ன வாக்குல பொரட்டிப் பார்த்துட்டு மூடுனான். என்னையப் பார்த்தான். "வேஷத்தைப் போடு"ன்னான். அவ்வளவுதான். அவன் கடைசிப் பக்கம் வரைக்கும் பொரட்டலைன்னுதான் நான் நெனச்சேன். முப்பத்தொம்பது வருசம் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

கடைசி சீன். தாபோ பொணம். ஆறுக்குட்டி வெள்ளை வேட்டியைப் போத்திப் படுத்திருக்கறான், மூக்குல பஞ்சு. மில்லுல அதுக்கு என்ன கொறைச்சல். ஆளு பத்தாம வசனம் எடுத்துக் குடுக்கறவனையும் கூட்டத்துல ஒருத்தனா மேடையில நிக்க வெச்சிருந்தோம். நான் வரேன். பொணத்தைப் பார்த்தேன். வசனம் இதுதான்: "தாபோ! நாய் குரைத்து அவர்கள் வரவில்லை. காலடித் தடம் பார்த்து வரவில்லை. ஒருவன் வாய் திறந்தான், வந்தார்கள். அந்த வாய் யாருடையது என்று இந்த ஊர் அறியட்டும்." அப்பறம், "நான்தான்!"னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு விழோணும். ஊர் அறியட்டும் வரைக்கும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தை வரல. நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்பப் பொணம் பேசுதுங்க! உதட்டை அசைக்காம, வேட்டிக்குள்ள இருந்து, "நாந்தான்னு சொல்லு"ங்குது. நான் நிக்கறேன். மறுக்கா, "நாந்தான்னு சொல்லு". எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. மூணாவது தடவை, "நாந்தான்னு சொல்லு, நஞ்சப்பா". நான் சொல்லவே இல்ல. பொணத்து மேல உழுந்து கத்தி அழுதேன். மூக்குல இருந்த பஞ்சு பறந்து போச்சு. பொணம் ஒரு தும்மல் போட்டுச்சு. ஒருத்தரும் சிரிக்கலீங்க தம்பி. அத்தனை சனமும் அழுவுது. மயிலாத்தா மொத வரிசையில சேலையை வாயில வெச்சுக்கிட்டு அழுவுது. திரையைப் போட்டாங்க. நஞ்சப்பனாட்ட ஒரு நடிகன் இந்த ஜில்லாவுலயே இல்லைன்னு கட்சி ஆபீசுல இருந்து வந்தவரு செவப்புத் துண்டு போத்துனாரு.

அடுத்த நாள் காத்தால கேட்டுல வாச்மேன் ஒரு காயிதத்தை வெச்சுக்கிட்டு நின்னான். பதினாலு பேரு, வேலையில இருந்து நிறுத்தியாச்சு. பேரைப் படிச்சான். ஆறுக்குட்டி எழுதியிருந்தானே, அதே வரிசை, ஒண்ணுகூட மாறல. மெசின் நிக்கவே இல்ல, சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. அந்தப் பதினாலு பேரையும் வேற எந்த மில்லுலயும் எடுக்கல. சிலரு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாங்க. ஆறுக்குட்டி சூலூருக்குப் போயி டீக்கடை போட்டான். பொன்னான் அடுத்த ஆடிக்கு இல்ல. அவனே முடிச்சுக்கிட்டான். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க அவனுக்கு.

யாரு சொன்னதுன்னு ஊரே தேடுச்சு. டைம் ஆபீஸ் கிளார்க்கைச் சந்தேகப்பட்டாங்க, பாவம், அந்த மனுசன் மாத்தல் வாங்கிக்கிட்டே போயிட்டாரு. என்னையக் கேக்கவே இல்ல. ஆனா ஒண்ணு, அந்த வாரத்துலயே ஆறுக்குட்டி என்னைய ரோட்டுல பார்த்து, "வா, சிப்போ, டீ குடி"ன்னான். மொதல்ல அப்பிடிக் கூப்பிட்டவன் அவன்தான். அப்பறம் ஊரே புடிச்சுக்கிச்சு. நான் வேடிக்கைன்னு நெனச்சேன். எப்பப் போனாலும் அதே மாதிரித்தான், "வா, சிப்போ". கடையில நாலு பேரு சிரிப்பாங்க. அவன் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

அவன் செத்தன்னிக்குப் போயிருந்தேன். மயிலாத்தா தனியாக் கூப்பிட்டுச்சு. "அண்ணா, அவரு கடைசியா ஒண்ணு சொன்னாரு. படத்திறப்புல நஞ்சப்பனை அந்தக் கடைசி சீனு பண்ணச் சொல்லு, இந்தத் தடவையாச்சும் வசனத்தை முழுசாச் சொல்லோணும்னாரு"ன்னுச்சு. பாருங்க, சாகற வரைக்கும் அவனுக்கு நாடகம் நெனப்பு! எழுதுனவனுக்கு ஒரு வார்த்தை உட்டாக்கூட மனசு ஆறாது. கலைஞன்னா அப்பிடித்தான். வசனம் மறந்திருப்பீங்கன்னு நோட்டையும் குடுத்து உட்டுச்சு. இந்தா, பையில இருக்குது. பாருங்க, எப்பிடி வெச்சிருக்கறான்னு, ஒரு பூச்சி அரிக்கல.

என்னங்க தம்பி? ஆமா, முருகன்தான். மருதமலை முருகன். காலண்டர் படத்தைக் கிழிச்சு என்ற சம்சாரம் அட்டை போட்டுக் குடுத்துச்சு. பேரு இருக்கற நோட்டு அடையாளம் தெரியோணும்னு.

பிரவுன் அட்டைன்னா சொன்னேன்? ரெண்டும் பிரவுன்னா?

...சொன்னேன். சொன்னேன்.

கண்டக்டரு எதுக்கு இங்கயே பார்க்கறாரு? அவருக்கு டிக்கெட்டைக் காட்டியாச்சு.

கடைசிப் பக்கத்தை எடுங்க தம்பி. நீங்களே எடுங்க. பதினாலு பேரு இருக்குதுங்களா? ஒம்பதாவது பொன்னான். கோழி கிறுக்குனாப்புலக் கையெழுத்து. கீழ பச்சை மை. அதுக்குங் கீழ நீல மையில ஒரு வரி, ஆறுக்குட்டி எழுத்து. மயிலாத்தா குடுத்தன்னிக்குத்தான் நான் பார்த்தேன். '1-5-85, மாலை ஐந்தேகால். பார்த்தேன்.' அவ்வளவுதான் எழுதியிருக்கறான். நாடகத்துக்கு முக்காமணி நேரம் முன்னால தம்பி. தெரிஞ்சுதான் படுத்திருந்திருக்கறான். தெரிஞ்சுதான் வேட்டிக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்திருக்கறான். சிப்போன்னு இல்லீங்க, நஞ்சப்பான்னு.

நோட்டு மாறலீங்க. பிரவுன் அட்டை பெட்டி மேல இருந்துச்சு, இது பெட்டிக்கு அடியில இருந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன். ஆறுக்குட்டிக்கு ஒரு மெமோ குடுப்பாங்க, ஒரு வாரம் வெளிய நிறுத்துவாங்க, தாபோ வேஷம் எனக்கு வந்துரும்னு நெனச்சேன். அவ்வளவுதாங்க நெனச்சேன். வசனம் பூரா எனக்குத் தெரியும் பாருங்க. அந்த ஆபீசரு நாடகம் முடியற வரைக்கும் மூச்சே உடல, வேஷமும் வரல. பதினாலு குடும்பம் தம்பி, ஒரு வேஷத்துக்கு. பொன்னான் புள்ளைங்க ரெண்டும் இன்னிக்கு வந்திருக்கும். ஆறுக்குட்டி என்னையக் காட்டிக் குடுத்திருந்தா லைன் வூட்டுல என்னைய உசுரோட உட்டிருக்க மாட்டாங்க. அவன் குடுக்கல. வாயைத் தொறக்கவே இல்ல. நானாச் சொல்லுவேன்னு முப்பத்தொம்பது வருசம் டீ ஊத்திக் குடுத்துப் பார்த்திருக்கறான், பாவி.

அதா, கொளம். வந்துருச்சு. நாடகத்துல மூணு தடவை எடுத்துக் குடுத்தும் அந்த வார்த்தை வரல. இப்ப உங்ககிட்டச் சொல்லீட்டனில்லீங்க? நாந்தான்னு சொல்லீட்டனா? இல்லீங்களா? சரி, இதா சொல்றேன். நாந்தான் தம்பி. நாந்தான். வாயில ஒட்டலைங்க.

கண்டக்டரே, எறங்கோணும், நிறுத்துங்க! ஆமா சாமி, இந்தத் தடவை நெசமாத்தான்.

நோட்டைக் குடுங்க. நீங்களும் எறங்கி வந்தீங்கன்னா, மேடையில நான் நின்னுட்டா எடுத்துக் குடுக்க ஆவும்னு பார்த்தேன். பல்லடம் போறீங்களா? சரி, போயிட்டு வாங்க. பரவால்லீங்க. எடுத்துக் குடுக்கறவன் மாலையைப் போட்டுக்கிட்டு அங்கயேதான் உக்காந்திருக்கறான்.